மறு: கனமானக் குடுவையில் குறி வரை நீர் விடுவதற்கு ஒரு சொல்

வணக்கம்.

கனமானக் குடுவையின் கழுத்திலுள்ள குறி வரை நீர் விட்டுக் கரைசலின் மொத்தக் கனவளவைச் சரியாக்குவதை எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு ஐயா முன்வைத்த 'நிறைவாக்கல்' பொருளளவில் சரிதான். ஆனால் இலங்கையில் திணிவு வேறு, நிறை வேறு. புவி இழுக்கும் விசைதான் எங்களுக்கு நிறை. தமிழ்நாட்டில் திணிவையே நிறை என்கிறீர்கள். கிராமில் நிறுத்தெடுத்துச் செய்யும் கணக்கில் இந்தச் சொல்லும் நுழைந்தால் பிள்ளைகள் பாடு திண்டாட்டம்.

இதற்கெல்லாம் ஒரு சொல் தேவையா என்று சிலர் கேட்டிருந்தார்கள். திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். செறிவுக் கணக்கில் சூத்திரம் யாருக்கும் பிசகுவதில்லை. மூல் (உங்கள் மோல்) எண்ணிக்கையைக் கனவளவால் வகுத்தால் முடிந்தது. எதன் கனவளவு என்பதில்தான் சறுக்குகிறார்கள். வினாவில் 'ஒரு லீற்றர் கரைசல்' என்றிருந்தாலும் ஒரு லீற்றர் நீரை அளந்து ஊற்றத்தான் கை போகிறது.

நிலாவெளி உப்பளம் பக்கத்தில் இருப்பதால் இங்கே எடுத்துக்காட்டென்றால் உப்புத்தான். அது இந்தப் பிழையை மறைத்துவிடும். 58.5 கிராம் உப்பை ஒரு லீற்றர் நீரில் கரைத்தால் கனவளவு 20 மில்லிலீற்றர்கூட ஏறாது. சீனியில் குட்டு வெளிப்படும். 34.2 கிராம் சீனி, அதாவது 0.1 மூல். 100 மில்லிலீற்றர் நீரில் நன்றாகக் கலக்கி அளவுச்சாடியில் ஊற்றுங்கள். மட்டம் 120ஐ ஒட்டி நிற்கும். லீற்றருக்கு 1 மூல் என்று நினைத்தது 0.83 பக்கமாக இறங்கிவிடுகிறது.

அப்படி ஊற்றிய பிள்ளை வேறொரு செறிவைச் சரியாகச் செய்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. கரைப்பானின் ஒரு கிலோகிராமுக்கு எத்தனை மூல் என்று பார்க்கும்போது நீரைத் தனியாக நிறுத்து முழுதாகச் சேர்க்கத்தான் வேண்டும். அங்கே குறிக்கு வேலையில்லை. இரண்டையும் 'நீர் சேர்த்தல்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படிப் பிரித்தறிவது?

'ஐதாக்கல்' உதவாது, ஏற்கெனவே இருக்கும் கரைசலின் செறிவைக் குறைப்பதற்கு அது வேண்டும். ஆய்வுகூடத்தில் வாயில் வருவது ஆங்கில 'make up'இலிருந்து வந்த 'மேக்கப் பண்ணு'. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த கிறீனே 1875இல் தம் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டவர், ஆகவே கடன்சொல்லில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் செயல்முறைத் தாளில் மேக்கப் எழுத முடியாது.

என் முன்மொழிவு: குறிநிரப்பல். ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: '1.325 கிராம் நீரற்ற சோடியம் காபனேற்றை முகவையில் சிறிது நீரில் கரைத்து, முகவையைக் கழுவிய நீரோடு குடுவைக்கு மாற்றி, 250 மில்லிலீற்றருக்குக் குறிநிரப்புக.' கிடைப்பது லீற்றருக்கு 0.05 மூல் செறிவுள்ள நியமக் கரைசல், அதாவது செறிவு திட்டமாகத் தெரிந்த கரைசல்.

*

ஐயா, வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். கருத்துக்கு உடன்படுகிறேன், சொல்லுக்கு இல்லை. பதினொன்றாம் வகுப்பில் 'குறி' என்று தொடங்கினால் பின்வரிசை அடங்கப் பத்து நிமிடம் ஆகும். 'வரைநிரப்பல்' எப்படி? வரை என்றால் கோடு, எல்லை இரண்டும்தான்.

*

பின்வரிசை எங்கும் ஒன்றுதான் போலிருக்கிறது! எங்கள் பிள்ளைகள் 'குறி வரை' என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், சிரிப்பதில்லை. ஆனாலும் வரைநிரப்பல் நல்ல சொல். கழுத்திலுள்ள கோட்டைக் கண்ணெதிரே கொண்டுவருகிறது. ஒரே ஒரு தயக்கம்: '250 வரை நிரப்பு' என்று பிரித்து வாசித்தால் அளவியை (பியூரெட்டை) நிரப்பும்போது சொல்வதுபோல் ஆகிவிடும். அதனால் சேர்த்தே எழுதவேண்டும், எண்ணுக்குப் பின்னால் 'க்கு' கட்டாயம். அப்படியானால் எனக்குச் சம்மதம். இந்தத் தவணைச் செயல்முறைத் தாளை அப்படியே அடித்துவிடுகிறேன்.