1991 மாருதி 800: சூடேறினால் நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது

கோவில்பட்டிக்காரன்:

வணக்கம். அப்பா வாங்கிய 1991 மாருதி 800 என்னிடம் இருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் உள்ள வண்டி, ஸ்பார்க்குக்குப் பழைய பாயின்ட் செட். அப்பா இப்போது இல்லை. வண்டியை விற்க மனசு வரவில்லை, நானே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. மதுரைக்குக் கிளம்பினால்தான் பிரச்சினை. வெயில் ஏறிய பிறகு, சாத்தூர் தாண்டி விருதுநகருக்குள் எங்காவது நின்றுவிடுகிறது. பானட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது, ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது, தண்ணீரும் குறையவில்லை.

பட்டறையில் பிளக், பிளக் ஒயர், பாயின்ட், கண்டன்சர், காயில் என்று ஸ்பார்க் பக்கத்துச் சாமான் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இப்போது கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். அம்மாவை மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. நாற்கரச் சாலையில் லாரிகள் போகிற வேகத்தில், அவங்களை உள்ளே வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது. ஸ்பானர் செட்டும் மல்டிமீட்டரும் வீட்டில் உண்டு. நானே என்னென்ன பார்க்கலாம்?

மதுரை பத்மினி:

பெட்ரோல் பம்ப் சூடாகி வேப்பர் லாக் ஆகிறது சார், அதாவது உள்ளே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கிறது. சித்திரை, வைகாசியில் என் பழைய பிரீமியர் பத்மினி காருக்கும் இதே கதைதான். பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டுதான் கொடைரோடு பக்கம் போவேன். அடுத்த தடவை நின்றதும் துணியை நனைத்துப் போட்டுப் பாருங்கள். ஆறுகிற வரை காத்திருக்காமலே ஸ்டார்ட் ஆனால் அதுதான்.

பட்டறை அண்ணாச்சி:

தம்பி, கார்புரேட்டருக்குக் காசு குடுத்துடாதீங்க. காலையில உடனே பிடிக்குது, ஊருக்குள்ள நல்லா இழுக்குது. அப்புறம் அதை ஏன் சந்தேகப்படணும்? வண்டி ஆறினா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். பட்டறையில நிறுத்தி வச்சுப் பார்த்தா எதுவும் பிடிபடாது. ஒவ்வொரு சாமானா மாத்திக்கிட்டே போறது அதனாலதான். நின்ன இடத்துலயே, சூடு ஆறுறதுக்குள்ள பார்க்கணும். அம்மா இல்லாத ஒரு நாள் மத்தியானம், கூட ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு இதுக்குன்னே கிளம்புங்க. ஒரு பழைய பிளக், டார்ச், துணி, ஒரு பாட்டில் தண்ணி, சின்ன தீயணைப்பு சிலிண்டர் வண்டியில இருக்கட்டும். நின்னா ரோட்டைவிட்டு நல்லா ஒதுக்கிட்டு இறங்குங்க.

எப்படி நிக்குதுன்னு முதல்ல கவனிங்க. நீங்க அதை எழுதவே இல்லை. சாவியைத் திருப்பி அணைச்ச மாதிரி பட்டுன்னு நின்னா பெரும்பாலும் கரண்டு பக்கம். வெட்டி வெட்டி இழுத்து, ஆக்சிலேட்டரை மிதிச்சாலும் தம் இல்லாம கொஞ்ச தூரம் உருண்டு நின்னா பெட்ரோல் பக்கம்.

நின்ன உடனே டேங்க் மூடியைத் திறங்க. காத்து உஸ்ஸுன்னு உள்ளே போச்சுன்னா, டேங்குக்குக் காத்து வர்ற வழி அடைச்சு உள்ளே வாக்குவம் ஆகியிருக்கு. பம்பு எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. வெயில்ல காத்து வெளியே வர்றது சகஜம், அதை விட்டுடுங்க.

அடுத்து ஏர் ஃபில்டரைக் கழட்டி, என்ஜினை ஓட்டாம, கார்புரேட்டர் வாய்க்குள்ள டார்ச் அடிச்சுக்கிட்டே ஆக்சிலேட்டர் கேபிளைக் கையால இழுங்க. ஊசி வழியா மருந்து பீச்சுற மாதிரி மெல்லிசா பெட்ரோல் பீச்சணும். பீச்சலைன்னா கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்கி நிக்கிற கிண்ணம், அதாவது ஃப்ளோட் சேம்பர், காலி, கரண்டு பக்கம் போகவே வேண்டாம். பீச்சினா ஃபில்டரை மூடி, ஆவி கலையுற வரைக்கும் பொறுத்துட்டு ஸ்பார்க் பாருங்க. ஒரு பிளக் ஒயரை உருவி பழைய பிளக்ல சொருகி, பிளக்கோட இரும்பு உடம்பை என்ஜின்ல பட வச்சுட்டு, கையை எடுத்துக்கிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. நீலமா சத்தத்தோட வெட்டினா சரி. மஞ்சளா மெலிஞ்சு வந்தாலோ, வரவே இல்லைன்னாலோ புதுசா போட்ட கண்டன்சரையும் காயிலையும் சந்தேகப்படலாம். புதுச் சாமானும் சூட்டுல கைவிடும்.

பெட்ரோல் குழாய் எதையாவது திறந்து வச்சிருக்கும்போது ஸ்பார்க் பார்க்கவே கூடாது. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது, காத்தைவிட கனம், தரையோட படர்ந்து நிக்கும்.

பத்மினி சார் சொன்ன ஈரத்துணி சோதனையும் சரிதான். ஆனா துணி அன்னைக்குக் காப்பாத்துமே தவிர, ஏன் இப்படி ஆகுதுன்னு காட்டாது. 1991ல இந்த வண்டிக்கு ஊத்தினது எத்தனால் கலக்காத பெட்ரோல். இப்ப பங்க்ல வர்றது நூத்துக்கு இருபது வரைக்கும் எத்தனால் கலந்தது. எத்தனால் தனியா 78 டிகிரியில கொதிக்கும். பெட்ரோலோட சேர்ந்தா அதுக்கும் கீழேயே நிறைய பாகம் ஆவியாகிடும். அந்தக் காலத்து ரப்பரையும் அது ஊற வச்சு இளக்கிடும். அதனால வீட்டுக்கு வந்து வண்டி ஆறினதும் ரப்பர் ஓஸ் எல்லாத்தையும் தடவிப் பாருங்க.

கோவில்பட்டிக்காரன்:

அண்ணாச்சி, மச்சினனைக் கூட்டிக்கொண்டு போனேன். விருதுநகருக்கு முன்னாலேயே நின்றது. நீங்கள் சொன்ன மாதிரி வெட்டி வெட்டி இழுத்து, பிறகுதான் அணைந்தது. டேங்க் மூடியில் சத்தம் இல்லை. கார்புரேட்டரில் ஒரு துளிகூடப் பீச்சவில்லை. ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்ததும் ஸ்டார்ட் ஆனது, ஆனால் சாத்தூர் திரும்புவதற்குள் மறுபடி வெட்டியது.

வீட்டில் ஓஸ்களைத் தடவிப் பார்த்தேன். டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாயையும் பம்பையும் இணைக்கிற ஓஸ் கிளிப் பக்கத்தில் உப்பியிருக்கிறது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கிறது, விரலில் மை மாதிரி கறுப்பு ஒட்டுகிறது. ஆனால் ஒழுகலே இல்லை. கீழே அட்டை விரித்து ராத்திரி முழுக்க விட்டேன், காலையில் அட்டை காய்ந்தே இருந்தது. ஒழுகாத ஓஸால் வண்டி நிற்குமா?

பட்டறை அண்ணாச்சி:

நிக்கும் தம்பி. நல்லா பார்த்திருக்கீங்க. பம்புக்கு அந்தப் பக்கம் பெட்ரோலைத் தள்ளுற குழாய், அதுல ஓட்டை விழுந்தா வெளியே ஒழுகும். இந்தப் பக்கம் இழுக்குற குழாய், உள்ளே அழுத்தம் வெளிக்காத்தைவிடக் குறைவு. அதனால பெட்ரோல் வெளியே வராது, காத்துதான் உள்ளே போகும். ஓஸ் சூட்டுல இளகினதும் கிளிப் பிடி விட்டுடும், பம்பு பெட்ரோலுக்குப் பதிலா காத்தை இழுக்கும். ஆறினா ரப்பர் மறுபடி இறுகிக்கும். போதாததுக்கு, அழுத்தம் குறைஞ்ச இடத்துல பெட்ரோல் இன்னும் சீக்கிரமா ஆவியாகும். ரெண்டும் சேர்ந்துதான் உங்களை நிறுத்துது.

சந்தேகம் இல்லாம தெரியணும்னா, அந்த ஓஸ் முடிஞ்சு பம்புக்குப் போற இடத்துல கண்ணாடி மாதிரி தெரியுற ட்யூப் ஒரு துண்டு போட்டு, வீட்டு வாசல்ல என்ஜினைச் சூடேத்திப் பாருங்க. குமிழி வரிசையா போகும். பார்த்ததும் அந்த ட்யூபைக் கழட்டிடணும், அது பெட்ரோல்ல விறைச்சு விரிசல் விட்டுடும்.

ஓஸ் வாங்கும்போது மேல எழுத்தைப் படிங்க. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9ன்னு போட்டது எத்தனாலைத் தாங்கும். விலை கூடத்தான், குறைஞ்சதை வாங்காதீங்க. டேங்க் பக்கத்துல இருக்குற சின்ன ஓஸையும் சேர்த்து மாத்துங்க, எல்லாரும் அதைத்தான் மறந்துடுவாங்க. பெட்ரோல் ஃபில்டரும் புதுசு போடுங்க. பழைய டேங்க்ல படிஞ்சிருக்கிற பிசினை எத்தனால் கரைச்சு, துருவையும் கிளப்பிக் கொண்டுவரும்.

இன்னொண்ணு. என்ஜின் ஆயில் அளவு பார்க்குற டிப்ஸ்டிக் கம்பியை உருவி மோந்து பாருங்க. ஆயில்ல பெட்ரோல் வாசனை வந்தா, இல்ல ஆயில் அளவு கூடியிருந்தா, பம்புக்குள்ள இருக்குற சவ்வு, அதாவது டயஃப்ரம், கிழிஞ்சு பெட்ரோல் ஆயில்ல இறங்குதுன்னு அர்த்தம். அப்படின்னா பம்பையும் ஆயிலையும் மாத்தாம ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீங்க, பேரிங் போயிடும்.

கோவில்பட்டிக்காரன்:

குமிழி கண்ணால் பார்த்தேன் அண்ணாச்சி. டேங்க் பக்கத்து ஓஸ் கையில் எடுக்கும்போதே பிய்ந்து வந்தது. எல்லா ஓஸும் ஃபில்டரும் மாற்றி, உச்சி வெயிலில் மதுரை போய்த் திரும்பிவிட்டேன், எங்கும் நிற்கவில்லை. ஆயிலில் வாசனை இல்லை. ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம்: ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது மட்டும், லேசாக உதறுகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல், காற்றுக் கலவையைச் சரிசெய்கிற மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருப்பலாமா?

பட்டறை அண்ணாச்சி:

இப்ப ஸ்க்ரூவைத் தொடாதீங்க. பெட்ரோல் ஓஸ் வயசுதான், என்ஜின் இழுக்குற வாக்குவத்தை மத்த சாமானுக்குக் கொண்டுபோற வாக்குவம் ஓஸுக்கும். என்ஜின் ஐடிலிங்ல இருக்கும்போது, மேனிஃபோல்டுல (கார்புரேட்டரையும் என்ஜினையும் இணைக்குற குழாய்) இருந்து கிளம்புற ஒவ்வொரு ஓஸையும் அது கிளம்புற இடத்துலயே, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கை தள்ளி, மூக்குக் குறட்டால துணி வச்சு மெதுவா நசுக்கிப் பாருங்க. எதை நசுக்கினா உதறல் நிக்குதோ, அந்த ஓஸ்லயோ அது போய்ச் சேருற சாமான்லயோதான் காத்து உள்ளே போகுது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சுக் குடுக்குற டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போறதுல இருந்து ஆரம்பிங்க. எதுலயும் மாறலைன்னா எழுதுங்க, வால்வு இடைவெளி (கிளியரன்ஸ்) எப்படிப் பார்க்குறதுன்னு சொல்றேன்.