நீலகிரி எமரால்டு வீட்டுக் குழு

நான், காலை 7:12
எல்லோருக்கும் நல்ல செய்தி. பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உதவித்தொகை கிடைத்துவிட்டது! செப்டம்பரில் இங்கிலாந்து போகிறேன். கான்டர்பரியில் உள்ள கென்ட் பல்கலைக்கழகம். இயற்கைப் பாதுகாப்பில் முதுநிலைப் படிப்பு, ஓராண்டு.

அத்தை, 7:15
என் தங்கமே! அண்ணி, இன்றைக்குப் பாயசம் வையுங்கள்.

சித்தப்பா, 7:31
வாழ்த்துகள் அம்மா. ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதே. ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியிலேயே வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. டேராடூனில் இருக்கிறது, பெங்களூருவில் இருக்கிறது. நம் காட்டைப் பற்றிப் படிக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

அம்மா, 7:34
பச்சைத் தேயிலை விற்கிற விலையில் வங்கிக் கடன் என்றால் எனக்குத் தூக்கம் வராது.

நான், 7:52
கடனே இல்லை அம்மா. கட்டணம், தங்கும் செலவு, விமான டிக்கெட் எல்லாம் அவர்களே தருகிறார்கள். நாற்றங்காலில் இரண்டு வருடம் வேலை பார்த்ததால்தான் விண்ணப்பிக்கவே முடிந்தது. படித்து முடித்ததும் ஊர் திரும்பி இரண்டு ஆண்டுகளாவது இருக்க வேண்டும் என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் வந்துவிடுவேன்.

சித்தப்பா, மரத்தையும் விலங்கையும் இங்கேதான் கற்றேன், அதில் குறை இல்லை. அங்கே ஜெரால்டு டரெல் என்ற இயற்கை ஆர்வலரின் பெயரில் 1989 முதல் இதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. உயிரியலோடு காட்டை ஒட்டி வாழும் மக்களைப் பற்றியும் சேர்த்துக் கற்பிக்கிறார்கள். எனக்கு அதுதான் வேண்டும். புல்வெளியில் நட்ட சீகையை, அதாவது வெளிநாட்டு வாட்டில் மரத்தை, வெட்டினால் புல்வெளி தானாகத் திரும்பிவிடும் என்று நினைக்கிறோம். போன மாதம் வெட்டிய இடத்தில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் வைத்து எண்ணினேன். புல்லை விரல்விட்டு எண்ணிவிட்டேன். சீகைக் கன்றுகளை எண்ணி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் கிளம்பிவிடும். ஆனால் பழனி மலையில், சோலைக் காட்டை ஒட்டிய சீகைத் தோப்பின் நிழலில் சோலை மரக்கன்றுகளே வளர்கின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால் கன்றுகளும் போய்விடும். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது, அதை யார் முடிவு செய்வது?

தம்பி, 8:03
அக்கா, என் ஜெர்கினை எடுத்துக்கொள்.

பெரியப்பா, 9:40
இப்போதுதான் பார்த்தேன். அம்மாடி, அந்தச் சீகையை நட்டவர்களில் நானும் ஒருவன். 1970-களில், அவலாஞ்சிக்கு மேலே, தினக்கூலிக்கு. கூடையில் நாற்றைச் சுமந்து ஏறுவோம். முழங்கால் உயரப் புல்லைச் செதுக்கி எறிந்துவிட்டுக் குழி தோண்டுவோம். கறுப்பு மண், கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். பட்டை தோல் பதனிடப் போகிறது என்றார்கள், எங்களுக்கும் சரி என்றே பட்டது. கோடையிலும் ஓடிய ஊற்று அங்கே இப்போது மாசியிலேயே வற்றிவிடுகிறது. இதை வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

நான், 9:44
பெரியப்பா, கொடுத்த வேலையைச் செய்தீர்கள், அவ்வளவுதான். எங்கெங்கே நட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா?

பெரியப்பா, 9:51
வரிசை வரிசையாக நினைவிருக்கிறது. ஒரு பாறைச் சரிவில் மட்டும் கடப்பாரை இறங்கவில்லை, அப்படியே விட்டுவிட்டோம். ஓர் ஏக்கர்கூட இராது. பழைய புல் இன்னும் அங்கே நிற்கிறது. குறிஞ்சிப் புதரும் உண்டு.

நான், 9:52
பழைய புல்லா? வெட்டிய இடங்களில் விதைக்க, விதை எடுப்பதற்கு அப்படி ஓர் இடத்தைத்தான் இரண்டு வருடமாகத் தேடுகிறேன்!

பெரியப்பா, 9:58
ரேஞ்சரிடம் அனுமதி கேட்டுவிடுகிறேன். ஞாயிறு காலை ஏழு மணி பஸ். அந்தச் சதுரச் சட்டத்தையும் எடுத்து வா.