புதுப்பிப்பு: சோப்புப் போட்டதும் சாம்பார்க் கறை சிவந்துவிட்டதா?

வெள்ளை வேட்டியில் பட்ட சாம்பார்க் கறைக்கு "முதலில் எண்ணெயை எடுங்கள், அப்புறம் வெயில்" என்று முன்பு எழுதியிருந்தேன். அதற்குப் பலரும் கேட்டது இதைத்தான்: சோப்புப் போட்டதும் கறை செக்கச்செவேலென்று ஆகிவிட்டதே?

பயப்படாதீர்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி, சோப்பு, சுண்ணாம்பு போன்றவற்றின் காரத்தன்மை பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு கலந்தால் சிவப்பது இதனால்தான். நன்றாக அலசி, ஓரிரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பழையபடி மஞ்சளாகும். நிறம் திரும்புமே தவிர, கறை போகாது.

கறை போக, பாத்திரம் கழுவும் லிக்விட் அரை டீஸ்பூன் எடுத்து, துணியின் பின்பக்கமிருந்து விரலால் தேய்த்து, 10 நிமிடம் விட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்வரை அதுவும் விடாது. பிறகு ஈரத்தோடு, கறை மேலே தெரியும்படி உச்சி வெயிலில் விரியுங்கள். காய்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். புதுக்கறை பெரும்பாலும் ஒரே நாளில் வெளுத்துவிடும். பழையது இரண்டு மூன்று நாள் இழுக்கும். அதுவரை இஸ்திரிப்பெட்டி பக்கமே போகக் கூடாது, சூட்டில் கறை இறுகிவிடும்.

சாயத்துணிக்கு இந்த வெயில் வைத்தியம் ஆகாது, சாயமும் சேர்ந்து வெளுக்கும். பட்டு என்றால் டிரை கிளீனிங்தான்.

எலுமிச்சையோ வினிகரோ பட்ட துணியில் பிளீச் ஊற்றவே வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும்.