மறு: யூக்கா அந்துப்பூச்சியின் வாயுறுப்புக்குத் தமிழ்ச்சொல்

> மேக்சிலரி டென்டகிள் என்பதற்குத் ‘தாடை உணர்கொம்பு’ என்றே வைத்துவிடலாமே. உணர்கொம்பு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்.

குழுவினருக்கு வணக்கம்.

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல், ஐயா. உணர்கொம்பு என்றால் ஆன்டெனா என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அது இந்தப் பூச்சிக்கும் தனியாக இருக்கிறது.

மேக்சிலரி டென்டகிள் என்கிற இந்த வாயுறுப்பு செய்கிற வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம். வட அமெரிக்காவின் டெஜெட்டிகுலா யூக்காசெல்லா சின்ன வெள்ளைப் பூச்சி. யூக்கா செடியின் வெள்ளைப் பூவுக்குள் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது. பெண் பூச்சி இந்த உறுப்பால் மகரந்தத்தைச் சுரண்டி எடுத்து, உருட்டி, தலைக்கடியில் உருண்டையாக இடுக்கிக்கொண்டு வேறு பூவுக்குப் போகிறது. அங்கே சூற்பையைத் துளைத்து முட்டையிடுகிறது. அப்புறம் சூலகமுடிக்கு ஏறி, உருண்டையிலிருந்து கொஞ்சம் எடுத்து உள்ளே திணிக்கிறது. மற்ற பூச்சிகளைப்போல உடம்பில் ஒட்டியது தற்செயலாக உதிர்வதில்லை, வேலை மெனக்கெட்டுச் செய்வது. பொரிக்கும் புழுக்கள் விதைகளில் சிலவற்றைத் தின்னும், மிச்சம் செடிக்கு. முட்டை அளவுக்கு மீறினால் செடி அந்தப் பூவையே உதிர்த்துவிடும். கணக்கில் செடியும் கெட்டிதான்! செயின்ட் லூயிஸில் தாவரவியலாளர் எங்கெல்மன் 1872இல் இந்த உறவைக் கவனித்துச் சொல்ல, மிசூரி மாநிலப் பூச்சியியலாளர் ரைலி அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்.

சுரண்டுவது, உருட்டுவது, திணிப்பது எல்லாம் கை செய்கிற வேலை. யானையின் மூக்கையே தும்பிக்கை என்கிறோம். ஆகவே என் பரிந்துரை: தாடைக்கை.

‘வாய்க்கை’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பொருள் சரி. ஆனால் வாழைப்பழத்தை வாயப்பயம் என்று சொல்கிற ஊரில் அதை உரக்கப் படித்தால் வாழ்க்கைப் பாடமாகிவிடும்.

> மாண்டிபிளையும் தாடை என்கிறோமே. குழம்பாதா?

நியாயமான கேள்வி. மாண்டிபிள் என்பது கடிக்கும் முதன்மைத் தாடை, நம் உறுப்பு இருக்கும் மேக்சிலா அதற்குப் பின்னால் உள்ள துணைத்தாடை. கண்டிப்பாக வேண்டிய இடத்தில் ‘துணைத்தாடைக்கை’ என்று விரிக்கலாம். அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு முதிர்ந்தபின் வேலை செய்யும் மாண்டிபிள் கிடையாது என்பதால், பொதுக் கட்டுரைக்குக் குறுகிய வடிவமே போதும்.

சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா என்று பார்க்க இரண்டு வரி: “தாடைக்கை பெண் பூச்சிக்கு மட்டுமே உண்டு. நெருங்கிய உறவான புரொடோக்சஸ் பூச்சிகளுக்குத் தாடைக்கை இல்லை; அவை யூக்காவில் முட்டையிடும், மகரந்தம் சேர்க்காது.”

எனக்கு இடறவில்லை. மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.