எக்செல், டிபீவர் வழியாக டேட்டாபிரிக்ஸ்: டெஸ்ட் பாஸ், டேட்டா மட்டும் வரவில்லை

நெடுவரிசை:
டேட்டாபிரிக்ஸ் (கிளவுட் டேட்டா தளம்) எஸ்கியூஎல் வேர்ஹவுஸை எக்செலில் ஓடிபிசி வழியாகவும், டிபீவரில் (டேட்டாபேஸ் பார்க்கும் மென்பொருள்) ஜேடிபிசி வழியாகவும் திறக்க வேண்டும்; இரண்டும் டேட்டாபேஸோடு இணைக்கும் முறைகள். 64 பிட் ஓடிபிசி டிரைவர் போட்டு டிஎஸ்என் (இணைப்பு விவரங்களைச் சேமித்து வைக்கும் பெயர்) அமைத்தாயிற்று, அதில் டெஸ்ட் பாஸ். எக்செலில் அதே டிஎஸ்என்னைக் கொடுத்தால் ஐஎம்014 எரர், ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச் (பிட் பொருந்தவில்லை). டிபீவரிலும் டெஸ்ட் பாஸ், ஆனால் செலக்ட் ஓட்டினால் ஆரோ மெமரி பற்றி ஒரு ஜாவா எரர். எங்கே பார்க்கலாம்?

குறுக்குவழி:
எக்செலில் ஃபைல், அக்கவுன்ட், அபவுட் எக்செல் என்று திறந்து பாருங்கள். முதல் வரியிலேயே 32 பிட்டா 64 பிட்டா என்று இருக்கும். உங்களுடையது 32 ஆகத்தான் இருக்கும். டிரைவர் என்பது எக்செலின் பிராசஸுக்குள்ளேயே ஏறும் டிஎல்எல். 32 பிட் பிராசஸில் 64 பிட் டிஎல்எல் ஏறாது. விண்டோஸ் எத்தனை பிட் என்பது இங்கே கணக்கில்லை.

32 பிட் டிரைவரையும் போடுங்கள், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பிறகு 32 பிட் ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டரில் புது டிஎஸ்என். அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் இருப்பது சிஸ்வாவ்64 ஃபோல்டரில். 64 பிட் இருப்பது சிஸ்டம்32-ல். தலைகீழ்தான், அதற்கு மேல் இரண்டு ஃபைலுக்கும் ஒரே பெயர் வேறு! நீங்கள் போட்டது யூசர் டிஎஸ்என்னாக இருக்கலாம், அது இரண்டு பக்கமும் தெரியும். சிஸ்டம் டிஎஸ்என் என்றால் 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் தனித்தனி. புதியதற்கு வேறு பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் பழையதன் மேலேயே எழுதிவிடும்.

கடைசி_கமா:
டிபீவர் சங்கதி வேறு. டிரைவர் ரிசல்ட்டை ஆரோ என்ற மெமரி வடிவத்தில் வாங்குகிறது. ஆரோ கைவைக்கும் உள் கிளாஸ்களை ஜாவா 16 முதல் பூட்டிவிட்டார்கள். டெஸ்ட்டில் ரிசல்ட் எதையும் பிரிப்பதில்லை, அதனால்தான் பாஸ்.

டிபீவர்.ஐஎன்ஐ ஃபைலில் விஎம்ஆர்க்ஸ் (ஜாவாவுக்கான ஆப்ஷன்கள் தொடங்கும் இடம்) வரிக்குக் கீழே, தனி வரியாக, ஆட்-ஓபன்ஸ் ஆப்ஷனில் ஜாவா.என்ஐஓ பேக்கேஜைத் திறந்துவிட்டு, டிபீவரை மூடித் திறங்கள். அந்த வரிக்கு மேலே சேர்த்தால் ஜாவாவுக்குப் போய்ச் சேராது. ஃபைலில் கைவைக்க அனுமதி இல்லையென்றால் ஜேடிபிசி இணைப்பு யூஆர்எல் கடைசியில் எனேபிள்ஆரோ=0 சேர்க்கலாம்; பெரிய ரிசல்ட் மெதுவாக வரும், அவ்வளவுதான்.

குறுக்குவழி:
விட்டுப்போனது ஒன்று. எக்செல் லாகின் கேட்கும்போது விண்டோஸ் டேபை விட்டுவிட்டு டேட்டாபேஸ் டேபுக்குப் போங்கள். யூசர் பெயர் உங்கள் மெயில் ஐடி இல்லை, டோக்கன் என்ற சொல்லே (ஆங்கிலச் சின்ன எழுத்தில்). பாஸ்வேர்டில் பர்சனல் ஆக்சஸ் டோக்கன் (டேட்டாபிரிக்ஸில் உருவாக்கும் ரகசியக் குறியீடு). ஒருமுறை தப்பாகக் கொடுத்தால் எக்செல் அதையே பிடித்துக்கொள்ளும். டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸில் கிளியர் பர்மிஷன்ஸ் கொடுத்தால்தான் மறுபடி கேட்கும்.

நெடுவரிசை:
எக்செல் 32 பிட்தான். இரண்டும் ஓடுகிறது. ஆனால் ஷீட்டில் டேபிள் முழுசாக வரவில்லையே?

கடைசி_கமா:
ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிதான். வேர்ஹவுஸிலேயே குரூப் பை போட்டுச் சுருக்கிய வியூ (சேமித்த குவெரி) ஒன்று செய்து அதை இழுங்கள்.