ஆப்பிரிக்கா முந்திரியை அங்கேயே உடைக்க ஆரம்பித்தால் நம்ம பக்கத்து அண்டி ஆபீஸ்களுக்கு (முந்திரி ஆலைகளுக்கு) கொட்டை வருமா?

குழித்துறை கணக்கு:

களியக்காவிளை, மார்த்தாண்டம் தொடங்கி அந்தப் பக்கம் கொல்லம் வரை அண்டி ஆபீஸ்களில் உடைபடும் கொட்டையில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வருவதுதான். பெனின் 2024 ஏப்ரல் 1 முதல் உடைக்காத கொட்டையை வெளியே விடுவதையே நிறுத்திவிட்டது. ஐவரி கோஸ்டில் வருஷா வருஷம் புது ஆலைகள் வருகின்றன. இனி அந்தக் கண்டம் பருப்பாகத்தான் விற்கும் என்று பேச்சு அடிபடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இது நிலைக்கிற மாற்றமா? ‘ஆப்பிரிக்கா வளர்கிறது’ என்று வருகிற கணக்குகளில் எதை நம்புவது? கொட்டை வாங்குகிறவர்கள் எதைப் பார்த்துத் திட்டம் போடுவது?

பாறசாலை எல்லை:

அண்ணாச்சி, முதலில் மொசாம்பிக்கைப் பாருங்கள். 1970-களின் தொடக்கத்தில் உலகிலேயே அதிகம் முந்திரி விளைந்த நாடு அது. 1975-ல் விடுதலை, அதன்பின் 1992 வரை உள்நாட்டுப் போர். மரங்கள் கிழடுதட்டின, புதுக் கன்று நடுவார் இல்லை. 1990-களின் நடுவில் உலக வங்கி கடனுக்கு நிபந்தனையாக, உடைக்காத கொட்டை மீதான ஏற்றுமதி வரியைக் குறைக்கச் சொன்னது. கொட்டை இந்தியாவுக்குப் புறப்பட்டது. அங்கிருந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, சுமார் 10,000 பேர் வேலை இழந்தார்கள். ‘விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும்’ என்பதுதான் சொன்ன காரணம். கிடைத்த கூடுதல் காசில் பெரும்பகுதி இடைத்தரகரோடு நின்றுவிட்டது. 1999-ல் வரியை மறுபடி 18 முதல் 22 சதவீதத்துக்கு ஏற்றினார்கள். பூட்டிய பெரிய ஆலைகளைத் திறக்க அது போதவில்லை.

ஐவரி கோஸ்ட் வேறு வழியில் போகிறது. இன்று உலகிலேயே அதிகம் விளைவது அங்கேதான், 10 லட்சம் டன்னுக்கும் மேல். முழுத் தடை போடவில்லை. விவசாயிக்குக் குறைந்தபட்ச விலையை அரசு அறிவிக்கிறது (2025-க்கு கிலோ 425 சிஎஃப்ஏ பிராங்க், அது அந்நாட்டு நாணயம்). பருப்பாக்கி ஏற்றுமதி செய்யும் ஆலைக்குக் கிலோவுக்கு 400 பிராங்க் ஊக்கத்தொகை வைத்தார்கள். தரைவழியாகக் கொட்டை வெளியே போகக் கூடாது, துறைமுகம் வழியாக மட்டும். 2024-ல் உள்ளூர் ஆலைகளுக்குச் சரக்கு போதவில்லை என்று ஏற்றுமதியைக் கொஞ்ச நாள் நிறுத்தியும் வைத்தார்கள். பத்து வருஷம் முன்னால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே உடைபடவில்லை. இப்போது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது.

ஆகவே கொட்டை இல்லாமல் போகாது. எந்த மாதக் கொட்டை நமக்கு வருகிறது என்பதுதான் மாறும். பிப்ரவரி, மார்ச்சில் விழும் முதல் கொட்டைதான் திரட்சியானது. அதை உள்ளூர் ஆலை எடுத்துக்கொண்டால், மழை பிடித்த பிறகு பொறுக்கியதுதான் தூத்துக்குடிக்கு வரும். அதே விலை கொடுத்து வாங்கினால் பருப்பில் அடி விழும்.

ஒன்று சொல்ல வேண்டும். கொல்லத்து முதலாளிகள் கூலி வித்தியாசத்துக்காக எல்லை தாண்டி குமரி மாவட்டத்தில் ஆபீஸ் போட்டபோது அதை இயல்பு என்றோம். விளைகிற ஊரிலேயே வேலையும் வேண்டும் என்று ஐவரி கோஸ்ட்காரர் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை.

கொல்லங்கோடு பேரேடு:

எல்லை சாரே சொன்னது சரி. ஆனால் அங்கே ஆலைகள் ஏன் திணறுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். மிஷின் இன்று காசு கொடுத்தால் கிடைக்கும், வியட்நாம்காரன் கொண்டுவந்து பூட்டியே கொடுத்துவிட்டுப் போவான். முடக்க வேண்டிய மூலதனத்தில்தான் சிக்கல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 டன் கொட்டை, டன் 1,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15 லட்சம் டாலர். மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரைதான். பன்னிரண்டு மாதம் உடைக்க வேண்டிய கொட்டையை அதற்குள் வாங்கிக் குடோனில் அடுக்கியாக வேண்டும். சரக்கு சீராகக் குறைந்துகொண்டு வந்தால் சராசரியாகப் பாதி மூலதனம் வருஷம் முழுக்க முடங்கிக் கிடக்கும். வட்டி 10 சதவீதம் என்றால் 75,000 டாலர். 1,000 டன் கொட்டையில் சுமார் 210 டன் பருப்பு தேறும். ஆக கிலோ பருப்புக்கு 36 சென்ட் வட்டி மட்டும். வட்டி 30 சதவீதம் என்றால் அது ஒரு டாலருக்கு மேல். 30 என்பது கற்பனை எண் இல்லை. கானா 2022 டிசம்பரில் வெளிக்கடனைக் கட்ட முடியாமல் நிறுத்தியது, 2023 கடைசியில் அங்கே மத்திய வங்கியின் வட்டியே 30 சதவீதம். ஐவரி கோஸ்ட் அரசே 2024 ஜனவரியில் டாலர் பத்திரம் விற்றபோது எட்டு சதவீதத்துக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்திய ஆலைக்கும் வியட்நாம் ஆலைக்கும் இந்தச் சுமை குறைவு. மேற்கு ஆப்பிரிக்காக் கொட்டை தீரும் சமயத்தில் அக்டோபரில் தான்சானியா வரும். நமக்கு உள்நாட்டு விளைச்சல் உண்டு, வியட்நாமுக்குக் கம்போடியா பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு மூன்று மாதச் சரக்கோடு ஓட்டலாம்.

அடுத்தது கைப்பக்குவம். போர்மாவில் (பருப்பைக் காயவைக்கும் சூட்டறையில்) சூடு குறைந்தால் தொலி பருப்போடு ஒட்டிக்கொள்ளும், உரிக்கும்போது பிளந்துவிடும். கூடினால் பருப்பு சிவந்துபோகும். காய்ந்த பருப்புக்குக் கொஞ்சம் ஈரம் ஏற்றாமல் உரித்தாலும் நொறுங்கும். 320 நம்பர் முழுப் பருப்பு என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 எண்ணம். அதே பருப்பு இரண்டாகப் பிளந்தால் விலை சட்டென்று இறங்கிவிடும். நம் பெண்கள் விரல் நுனியில் வைத்திருக்கும் இந்தப் பக்குவம் ஒரு புது ஊருக்குச் சில வருஷங்களில்தான் கைவரும். பருப்பின் விலைக்குப் பின்னால் இருப்பது அந்த விரல்கள்தான். இங்கேயும் அங்கேயும் அந்தப் பெண்களுக்குத்தான் கூலி குறைவு. அதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

குழித்துறை கணக்கு:

அப்படியானால் தான்சானியா பக்கம் சாய்வது நல்லதா? ஒப்பந்தத்தில் எங்கே ஏமாறுவார்கள்?

செங்கோட்டைச் சரக்கு:

தான்சானியாக் கொட்டையின் தேறும் பருப்பு நன்றாக இருக்கும், 80 கிலோ மூட்டைக்கு 50 பவுண்டை எட்டுவது சாதாரணம். ஐவரி கோஸ்டில் 46–48 என்றால் நல்ல சரக்கு. ஆனால் தான்சானியாவில் தனி விவசாயியிடம் நேராக வாங்க முடியாது. 2007 முதல் கூட்டுறவுக் குடோனில் சேர்த்து ரசீது கொடுத்து ஏலம் விடும் முறை. அரசியலும் உள்ளே நுழையும். 2018 நவம்பரில் வியாபாரிகள் கேட்ட விலை போதாது என்று அதிபர் மகுஃபுலி ராணுவத்தை இறக்கி, கிலோ 3,300 ஷில்லிங்குக்கு அரசே வாங்கும் என்றார். அந்த வருஷம் தான்சானியாவை மட்டும் நம்பியிருந்தவர் பாடு திண்டாட்டம். இரண்டு பருவத்திலும் கால் வையுங்கள்.

வெட்டுச் சோதனையை யாரிடமும் விட்டுவிடாதீர்கள். பத்து மூட்டைக்கு ஒரு மூட்டையாவது குத்தி எடுத்துக் கலந்து, அதில் ஒரு கிலோ. முதலில் எண்ணுங்கள், 200 சுற்றி வந்தால் சரி. 220-ஐத் தாண்டினால் பருப்பு சின்னது. ஒவ்வொன்றையும் வெட்டி, நல்லது, புள்ளி விழுந்தது, சொத்தை என மூன்றாகப் பிரியுங்கள். தொலியோடு நல்ல பருப்பு 250 கிராம், புள்ளி விழுந்தது 30 கிராம் என்றால், புள்ளிக்குப் பாதி மட்டும் சேர்த்து 265. அதை 0.17637-ஆல் பெருக்கினால் 80 கிலோ மூட்டைக்கு 46.7 பவுண்டு. ஒப்பந்தம் 47 என்றால் குறைந்த பங்குக்கு விலை கழிய வேண்டும். 45-க்குக் கீழே போனால் சரக்கைத் திருப்பும் உரிமை வேண்டும்.

பெரும்பாலான தகராறு ஈரத்தில்தான். களத்தில் சரியாகக் காயாத கொட்டையை 12 சதவீத ஈரத்தோடு ஏற்றினால், வழியில் கன்டெய்னர் கூரை வேர்த்துச் சொட்டும். மேல் அடுக்கு மூட்டைகள் பூசணம் பிடித்து வந்திறங்கும். 10-க்கு மேல் இருந்தால் ஏற்றவிடாதீர்கள். சுவரிலும் கூரையிலும் தடிக் காகிதம், ஈரம் உறிஞ்சும் பைகள், சணல் சாக்கு. கடைசித் தவணைப் பணம் தூத்துக்குடியில் இரு தரப்பும் நின்று வெட்டிப் பார்த்த பிறகே என்று எழுத்தில் வாங்குங்கள். ஏற்றும் துறைமுகத்துச் சான்றே இறுதி என்ற ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

விலை ஏறினால் விற்றவர் சரக்கு அனுப்ப மாட்டார், 2024-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் அப்படிப் பல ஒப்பந்தம் முறிந்தது. விலை இறங்கினால் வாங்கினவர் ஓடுவார், அது 2018.

வெள்ளறட வாசகி:

வளர்ச்சிக் கணக்கு கேட்டீர்களே அண்ணா. கண்டம் முழுதுக்கும் ஒரே எண் சொன்னால் அது எதற்கும் உதவாது. மக்கள்தொகை வருஷத்துக்கு 2.4 சதவீதம் பெருகும் இடத்தில் பொருளாதாரம் 4 சதவீதம் வளர்ந்தால் ஆளுக்கு 1.6 தான் மிச்சம். அந்த வேகத்தில் தலைக்கு வருமானம் இரட்டிப்பாக 44 வருஷம் ஆகும். ஐவரி கோஸ்ட் 2012-லிருந்து 2019 வரை சராசரியாக 8 சதவீதம் வளர்ந்தது. அந்த வேகம் நீடித்தால், அதே 2.4-ஐக் கழித்த பிறகும் 13 வருஷம். இரண்டையும் ‘வளர்கிறது’ என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறார்கள். நைஜீரியா 2014-ல் கணக்கிடும் அடிப்படை வருஷத்தை மாற்றியதும் ஒரே நாளில் பொருளாதாரம் 89 சதவீதம் பெரிதாகத் தெரிந்தது. ஒரு புது ஆலைகூட அன்று திறக்கவில்லை.

நாணயத்தையும் பாருங்கள். ஐவரி கோஸ்ட், பெனின், கினி-பிசாவ் உட்பட எட்டு நாடுகளின் சிஎஃப்ஏ, யூரோவுக்கு 655.957 என்று கட்டிப்போட்டது. விலை தடுமாறாது, ஆனால் ஏற்றுமதிக்காக நாணய மதிப்பைக் குறைக்கவும் முடியாது. நைஜீரிய நைரா 2023 ஜூனில் சரிந்தது, கொட்டை டாலரில் மலிவானது, மிஷினுக்கும் உதிரிப் பாகத்துக்கும் விலை எகிறியது.

பேரேடு அண்ணா சொன்ன சீசன் சிக்கலுக்கு மருந்து கண்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் 54 நாடுகள் கையெழுத்திட்டு, 2021 ஜனவரி 1-ல் வர்த்தகம் தொடங்கியது. ஐவரி கோஸ்டின் பெருநகரான அபிஜானில் ஓர் ஆலை நவம்பரில் தான்சானியாக் கொட்டையை வாங்கி ஓட்டினால் வட்டிச் சுமை பாதியாகும். அப்படி ஒரு கப்பல் தான்சானியாவின் முட்வாரா துறைமுகத்திலிருந்து மேற்கே போகிறது என்று கேள்விப்பட்டால், அன்றைக்கு நம்ம ஊர் ஆபீஸ்கள் உண்மையான போட்டியைச் சந்திக்கப்போகின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஜனவரி, பிப்ரவரியில் அபிஜான் அறிவிக்கும் விவசாயி விலையையும், உள்ளூர் ஆலைக்கு முதலில் எத்தனை வாரம் ஒதுக்குகிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.