கென்டக்கியில் செல்லாத பத்திரம் இந்தியானாவில் செல்லுபடியானது எப்படி?

வரலாற்று மாணவன் கேட்டது:

ஆபிரகாம் லிங்கனின் தந்தை தாமஸ் லிங்கன் 1816-ஆம் ஆண்டின் இறுதியில் கென்டக்கியை விட்டு, ஒஹாயோ ஆற்றைக் கடந்து, இந்தியானாக் காட்டுக்குள் குடியேறினார். அடிமை முறை இதற்கு ஓரளவு காரணம் என்றாலும், நில உரிமையில் இருந்த சிக்கலே முதன்மையான காரணம் என்று மகன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். எனக்கு விளங்காதது இதுதான். தாமஸ் லிங்கன் கென்டக்கியில் நிலத்தை ஆக்கிரமித்து வாழ்ந்தவர் அல்லர்; பணம் கொடுத்து வாங்கியவர். அப்படியிருக்க, திருத்திய வயலைக் கைவிட்டுவிட்டு, மரம் வெட்டி முதலிலிருந்து திருத்த வேண்டிய நிலத்துக்கு அரசாங்கத்திடம் ஏக்கருக்கு 2 டாலர் கட்ட அவர் ஏன் முன்வந்தார்? ஒரே ஆற்றின் தென்கரையில் பத்திரத்துக்கு மதிப்பில்லை, வடகரையில் மதிப்பு உண்டு என்னும் நிலை எவ்வாறு வந்தது?

பழைய ஏடுகள் எழுதியது:

தென்கரையின் கதை வர்ஜீனியாவில் தொடங்குகிறது. கென்டக்கி 1792-இல்தான் தனி மாநிலமாயிற்று. அதற்கு முன் அந்த நிலம் வர்ஜீனியாவுக்கு உரியது. அமெரிக்க விடுதலைப் போரின் செலவால் கருவூலம் வற்றியிருந்த வர்ஜீனியா 1779-இல் ஒரு நிலச் சட்டம் இயற்றி, 100 ஏக்கருக்கு 40 பவுண்டு என்ற விலையில், அதுவும் மதிப்பு சரிந்துகொண்டிருந்த காகிதப் பணத்தில், நில உரிமைச் சீட்டுகளை விற்றது. அந்தச் சீட்டில் இத்தனை ஏக்கர் என்பது மட்டுமே எழுதியிருக்கும். எந்த நிலம் என்பது இராது. சீட்டை வாங்கியவர் காட்டுக்குள் சென்று தமக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்து, மாவட்ட அளவையாளரின் பதிவேட்டில் அதைக் குறிக்கச் செய்து, பிறகு அளந்து, அந்த வரைபடத்தை அனுப்பி, இறுதிப் பட்டாவைப் பெற வேண்டும். இந்த நான்கு படிகளில் எங்கேயும், அதே இடத்தை வேறொருவர் முன்பே கேட்டிருக்கிறாரா என்று பார்த்துத் தடுக்கும் ஏற்பாடு இல்லை.

எல்லைகளையும் வாங்கியவரே தம் வசதிக்கேற்ப வகுத்துக்கொண்டார். நல்ல ஆற்றங்கரை மண்ணை வளைத்துக்கொண்டு, பாறை நிலத்தை விட்டுவிட்டு, ஓடை கூடும் இடத்தில் நிற்கும் ஓக் மரத்திலிருந்து தொடங்கி இன்ன திசையில் இத்தனை கோல் என்று எழுதிவைத்தார். மரம் விழுந்துவிட்டாலோ அதே ஓடைக்கு அண்டை வீட்டார் வேறு பெயர் வைத்திருந்தாலோ அந்த விவரம் பயனற்றுப்போகும். கூரை ஓடுகளைப் போல உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. கென்டக்கிக் குடியேற்றத்தின் புகழ்பெற்ற முன்னோடியான டேனியல் பூன் தாமே நில அளவை செய்தவர். அவரே கேட்டுப் பதிந்த நிலங்களின் பெரும்பகுதியை இத்தகைய குறைபாடுகளால் இழந்து, 1799-இல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மிசூரிக்குப் போய்விட்டார். தொழில் தெரிந்தவருக்கே இந்தக் கதி என்றால், எழுத்தறிவு குறைந்த குடியானவரைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

தாமஸ் லிங்கன் வாங்கிய மூன்று பண்ணைகளிலும் ஏதேனும் ஒரு குறை இருந்தது. முதல் நிலம் சொன்ன பரப்பைவிடக் குறைவாக இருந்தது. ஆபிரகாம் பிறந்த இரண்டாம் நிலத்தில் முன்னவர் ஒருவருக்குச் சேர வேண்டிய பாக்கி வில்லங்கமாக நின்றது. மூன்றாவதான நாப் கிரீக் நிலத்தில், பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒருவரின் வாரிசுகள் அவர் மீதும் அண்டையில் இருந்தவர்கள் மீதும் வெளியேற்ற வழக்குத் தொடுத்தார்கள். அவர் கையில் இருந்த பத்திரம் பொய்யானதன்று. விற்றவருக்கே முழு உரிமை இல்லாதபோது பத்திரம் எத்தனை ஒழுங்காக எழுதப்பட்டிருந்தும் பயனில்லை.

அளவைச் சங்கிலி எழுதியது:

மேலே நண்பர் தென்கரையை விளக்கிவிட்டதால், நான் வடகரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே இருந்த நிலத்தை விற்க அமெரிக்க மைய அரசு இயற்றிய 1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் செய்த மிகப் பெரிய காரியம் வரிசையை மாற்றியதுதான். முதலில் அளவை, பிறகே விற்பனை. ஒஹாயோ ஆறு பென்சில்வேனியாவின் மேற்கு எல்லையைக் கடக்கும் இடத்திலிருந்து தாமஸ் ஹட்சின்ஸ் அந்த அளவையைத் தொடங்கினார். 66 அடி நீளமுள்ள, 100 கண்ணிகள் கொண்ட சங்கிலியால் அளந்தார்கள். 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர் என்பதால் காட்டுக்குள் நின்றபடியே கணக்குப் போடுவது எளிதாயிற்று. ஆறு மைல் சதுரமான ஒவ்வொரு நகரியமும் 640 ஏக்கர் கொண்ட 36 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் 16-ஆம் பகுதி பள்ளிக்கு ஒதுக்கப்பட்டது. மலையோ சதுப்போ எது வந்தாலும் கோடு நேராகவே போயிற்று. வாங்குபவருக்கு இது சில வேளைகளில் இடைஞ்சலாக இருந்தாலும், ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் நுழைய வழியில்லை.

தாமஸ் லிங்கனின் கொள்முதலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1817 அக்டோபரில் அவர் வின்சென்ஸ் நில அலுவலகத்துக்குச் சென்று, இரண்டாம் முதன்மை நெடுங்கோட்டுக்கு (அளவைக்கு அடிப்படையான வடக்கு-தெற்குக் கோடு) மேற்கே ஐந்தாம் நிரையில் (நகரியங்களின் வடக்கு-தெற்கு வரிசை), தெற்கு நான்காம் நகரியத்தில், 32-ஆம் பகுதியின் தென்மேற்குக் கால் பங்கைக் கேட்டார். ஓடையும் மரமும் இல்லாமல் 160 ஏக்கரைச் சுட்ட இவ்வளவு போதுமாக இருந்தது. அலுவலகத்தில் இரண்டு அதிகாரிகள் இருப்பார்கள்: ஒருவர் பதிவு செய்வார், மற்றவர் பணம் பெறுவார். ஏலத்தில் விலைபோகாத நிலம் ஏக்கருக்கு 2 டாலர் என்பதால் மொத்த விலை 320 டாலர். அதில் இருபதில் ஒரு பங்கான 16 டாலரை அன்று கட்டினார், டிசம்பரில் 64 டாலர் கட்டிக் கால் பங்கை நிறைவு செய்தார். முழுத் தொகையும் அடைந்த பிறகு குடியரசுத் தலைவரின் பெயரால் பட்டா வரும். விற்பவர் அரசாங்கமே என்பதால், அதற்கு முந்தைய உரிமையாளர் ஒருவர் திடீரென்று வழக்கோடு வந்து நிற்பது அரிது.

வரலாற்று மாணவன் கேட்டது:

இருவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி: 1817-இல் கால் பங்கு கட்டியவர் எஞ்சியதை எப்போது கட்டி முடித்தார்? இந்தத் தவணை முறை ஏழைக் குடியானவருக்கு உதவியதா, அல்லது அவரைக் கடனில் ஆழ்த்தியதா?

பழைய ஏடுகள் எழுதியது:

இரண்டும் நடந்தன, ஆனால் கடனின் பக்கமே கனமானது என்பது என் கருத்து. 1796-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 640 ஏக்கர் வாங்க வேண்டும். ஓராண்டுக்குள் முழுப் பணமும் கட்ட வேண்டும். இது செல்வந்தருக்கு மட்டுமே ஆகக்கூடிய ஏற்பாடு. ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே இன்னும் மாநிலமாகாதிருந்த வடமேற்கு ஆட்சிப்பகுதியின் பிரதிநிதியாக இருந்த வில்லியம் ஹென்றி ஹாரிசன் முன்னின்று கொண்டுவந்த 1800-ஆம் ஆண்டுச் சட்டம் 320 ஏக்கராகக் குறைத்து, கால் பங்கு போக எஞ்சியதை நான்கு ஆண்டுகளுக்குள் 6 விழுக்காடு வட்டியுடன் கட்ட இடம் தந்தது. 1804-இல் அளவு 160 ஏக்கராயிற்று. விளைச்சலை விற்றுத் தவணை கட்டிவிடலாம் என்று எல்லோரும் நம்பி, கைக்கு மீறி வாங்கினார்கள். 1819-இல் வங்கிகள் முறிந்து தானிய விலை விழுந்தபோது, நிலம் வாங்கியவர்கள் அரசாங்கத்துக்குத் தர வேண்டிய பாக்கி 2 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

அத்தனை பேரையும் வெளியேற்ற எந்த அரசாங்கமும் துணியாது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1820-இல் கடனில் விற்பதையே நிறுத்தி, விலையை 1.25 டாலராகவும் குறைந்த அளவை 80 ஏக்கராகவும் மாற்றியது. நூறு டாலர் ரொக்கம் இருந்தால் ஒரு பண்ணை கிடைக்கும் என்றாயிற்று. பழைய கடனாளிகளுக்காக 1821-இல் வந்த சட்டமும் அதைத் தொடர்ந்த நீட்டிப்புகளும், நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து, அதற்குக் கட்டிய பணத்தை எஞ்சிய பகுதியின் விலையில் வரவு வைத்துக்கொள்ள அனுமதித்தன. தாமஸ் லிங்கன் 1827-இல் செய்தது இதுதான்: கிழக்குப் பாதியைத் திருப்பித் தந்து மேற்குப் பாதியான 80 ஏக்கருக்கு உரிமை பெற்றார். கென்டக்கியில் அவருக்கு இப்படி ஒரு வழி இருந்திருக்காது.

எல்லைக்கோடு எழுதியது:

இதுவரை எழுதிய இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சேர்க்க வேண்டும். வடகரை நிலத்துக்கு முந்தைய உரிமையாளர் இல்லை என்பது போன்ற தோற்றம் மேலே உண்டாகிவிட்டது, அது சரியன்று. லிங்கன் குடும்பம் குடியேறிய தென் இந்தியானா நிலத்தை, 1804-இல், அப்போது இந்தியானா ஆட்சிப்பகுதியின் ஆளுநராக இருந்த ஹாரிசன் டெலவேர், பியான்கஷா பழங்குடி மக்களோடு செய்த ஒப்பந்தங்கள் மூலமே அரசாங்கம் பெற்றது. அதே ஹாரிசன் 1809-இல் ஃபோர்ட் வேனில் செய்த ஒப்பந்தத்தை ஷானி இனத் தலைவர் டெகும்சே ஏற்க மறுத்தார். நிலம் எல்லாப் பழங்குடிகளுக்கும் பொதுவானது, ஒரு சிலர் கையொப்பமிட்டு விற்க முடியாது என்பது அவருடைய வாதம். விற்றவருக்கு முழு உரிமை உண்டா என்று கென்டக்கி நீதிமன்றங்களில் எழுந்த அதே கேள்விதான் இதுவும்.

வேறுபாடு, அந்தக் கேள்வியை யார் எங்கே எழுப்ப முடிந்தது என்பதில் இருக்கிறது. இலினாய், பியான்கஷா மக்களிடமிருந்து 1773-லும் 1775-லும் நேரடியாக நிலம் வாங்கிய வணிகர்களின் உரிமை, ஜான்சன் எதிர் மெக்கின்டாஷ் வழக்காக 1823-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பழங்குடிகளுக்கு நிலத்தில் குடியிருக்கும் உரிமை உண்டு, ஆனால் அதை அவர்களிடமிருந்து பெறும் உரிமை அரசாங்கம் ஒன்றுக்கே உண்டு, தனியாரின் கொள்முதல் செல்லாது என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். வாங்குபவர் ஒருவரே என்றால் விலையையும் அவரே வகுப்பார். மிகக் குறைந்த விலையில் பெற்ற நிலம் வின்சென்ஸ் அலுவலகத்தில் ஏக்கர் 2 டாலருக்கு விற்றதற்கும், அந்த அலுவலகத்தின் பட்டாவை எவராலும் அசைக்க முடியாமல் போனதற்கும் இந்த ஏகபோக உரிமையே அடித்தளம்.